தூய்மையான ரத்தம்

ஹார்மோன் நோய்களுக்கான அந்த உயர் மையத்தின் முன்வாசலில் பித்தளை எழுத்துகளில் ஒரு வாக்கியம் பதித்திருந்தார்கள்: ‘மருந்து கலந்த ரத்தம் பொய் சொல்லும்.’ சொன்னவர் மையத்தின் தலைமை மருத்துவர். அவர் சொன்னவற்றில் உண்மை அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, அதை மட்டும் பித்தளையில் பதித்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். தினமும் காலையில் ஒருவர் ஏணி போட்டு ஏறி அதைத் துடைப்பார். நோயாளிகள் ஏணிக்கு அடியில் குனிந்து உள்ளே போவார்கள்.

வாக்கியத்தோடு நமக்குச் சண்டை இல்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும்போது, சில மருந்துகள் அளவை ஏற்றிக் காட்டும், சில இறக்கிக் காட்டும். மூச்சுக்கு இழுக்கும் மருந்து, முட்டிக்குப் போட்ட ஊசி, அரிப்புக்குத் தடவிய களிம்பு, கருத்தடை மாத்திரை, முடி வளரச் சாப்பிடும் வைட்டமின் எல்லாமே குட்டையைக் குழப்பக்கூடியவை. மற்ற மருத்துவமனைகள் இதைத் தெரிந்துகொண்டு, நோயாளியிடம் கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி நடந்துகொள்கின்றன. இந்த மையம் இதை ஒரு மதமாக்கி, அதற்குப் பூசாரிகளையும் நியமித்திருந்தது.

போட்டோக்காரருக்கு இது எதுவும் தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒற்றை அறையில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துப் பிழைப்பவர் அவர். நாள் முழுக்க அவர் வாயில் வருவது, “நேராப் பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, சிரிக்காதீங்க,” அவ்வளவுதான். வந்தவர்களுக்குச் சீப்பு கொடுப்பதும், காலரை மடித்துவிடுவதும், பின்னால் தொங்கும் நீலத் திரையைச் சுருக்கம் போக இழுத்துவிடுவதும் அவர் மனைவியின் வேலை. கணவர் “சிரிக்காதீங்க” என்று சொல்லும் நேரம் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை உருட்டி வாயைக் கோணி வந்தவரைச் சிரிக்கவைப்பதும் அவள் வேலைதான். அதனால் வீணான படங்கள் ஏராளம். போட்டோக்காரர் கோபித்துக்கொள்வார். ஒருநாளும் அந்தக் கோபம் சாப்பாட்டு நேரம்வரை நீடித்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் அவள் திடீரென்று வற்றத் தொடங்கினாள். வெயிலில் போகாமலே கறுத்தாள். விரல் மடிப்புகள் கறுத்தன, ஈறுகள் கறுத்தன. எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. உப்பை உள்ளங்கையில் கொட்டி, யாரும் பார்க்காதபோது நக்கினாள். ஒரு டாக்டர் ரத்தசோகை என்றார், இன்னொருவர் கவலை என்றார். போட்டோக்காரரின் அக்கா, “உடம்புல ஒண்ணுமில்லடா, வேலைக்கு மட்டம் போடுறா,” என்றாள். கடைசியில் சந்துக்குள் கிளினிக் வைத்திருந்த ஒரு கிழட்டு டாக்டர்தான் அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார், உட்காரவைத்து ஒரு தடவையும் நிற்கவைத்து ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்தார், சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தார்.

“உன் அட்ரினல் சுரப்பி படுத்துடுச்சும்மா. அது சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையாத் தர்றேன். இதைச் சாப்பிடுறவரைக்கும் உனக்கு ஒண்ணுமில்ல. நிறுத்தினா, நீயே இல்ல,” என்றார்.

ஒரே வாரத்தில் அவள் நீலத் திரைக்குப் பக்கத்தில் நின்று வாயைக் கோண ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு அந்த டாக்டர் காலமானார். மருந்துக் கடைக்காரர் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனிமே இந்த மாத்திரை சும்மா தரக்கூடாதுன்னு உத்தரவு. உயர் மையத்துல வியாதி இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பெட்டி பெட்டியாத் தர்றேன்,” என்றார்.

அவர்கள் உயர் மையத்துக்குப் போனார்கள். குனிந்துதான் போனார்கள்.

முதல் அறை ரத்தத் தூய்மைப் பிரிவு. அங்கே தூய்மை அலுவலர் என்று ஒருவர் இருந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, வெள்ளைச் செருப்பு. மருத்துவம் படித்தவர் இல்லை. தூய்மை மட்டும் படித்திருந்தார்.

“என்னென்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

அவள் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“இதைச் சாப்பிட்டுட்டா ரத்தம் குடுக்க வந்தீங்க?”

“இது இல்லேன்னா என்னால எழுந்திரிக்கவே முடியாதுங்க.”

“அது வியாதி இருக்கிறவங்களுக்கு. உங்களுக்கு வியாதி இருக்குன்னு யார் சொன்னது?”

“அதைப் பார்க்கத்தானே இங்க வந்தோம்?” என்றார் போட்டோக்காரர்.

“பார்க்கணும்னா இதை நிறுத்தணும். ரத்தம் சுத்தமாகிறவரைக்கும் தொடக்கூடாது.”

“நிறுத்தினா விழுந்துடுவாளே சார்.”

“விழுந்தா நல்ல அறிகுறி. வந்து சொல்லுங்க, குறிச்சுக்கிறோம்,” என்றார் அலுவலர், பரிவோடு.

அடுத்தது தூய்மைக் கூடம். மருந்தை நிறுத்தியவர்கள், தங்கள் ரத்தம் போதுமான அளவு சுத்தமாகிவிட்டது என்று மையம் ஒப்புக்கொள்ளும்வரை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் இடம். அங்கே ஒரு ஆஸ்துமாக்காரர் இருந்தார். அவர் இழுக்கும் மருந்து சுரப்பியைப் படுக்கவைக்கும் ரகம் என்று அதைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். “எனக்கு... ஒண்ணும்... இல்லைங்க,” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சுச் செலவழித்துப் பக்கத்திலிருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே இருந்த பெண் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவள். அது அளவை ஏற்றிக் காட்டும் என்று நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். வரிசை வருவதற்குள் கர்ப்பமானாள். கர்ப்பமும் அதே அளவை ஏற்றிக் காட்டும் என்பதால் பிரசவம் முடிந்து வரச் சொல்லிவிட்டார்கள். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று வந்து உட்கார்ந்திருந்தாள்.

போட்டோக்காரரின் மனைவி இவர்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “என்னங்க, வியாதின்னு எழுதி வாங்குறதுக்கே இவ்வளவு தெம்பு வேணும்போலிருக்கே.”

மாத்திரையை நிறுத்தினாள். முதலில் பசி போனது, பிறகு குரல் போனது. உப்பு டப்பா படுக்கைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. அக்கா வந்து பார்த்து, “டாக்டருங்களே மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டாங்களாமே. நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்று தம்பிக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டுப் போனாள். நாத்தனாருக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. தெம்பு இருந்திருந்தால் அக்காவுக்கு அன்று நல்ல பதில் கிடைத்திருக்கும்.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. காலை எட்டு மணிக்குத்தான் எடுப்பார்கள். இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதுவும் உண்மைதான். உண்மைகளுக்கு அந்த மையத்தில் பஞ்சமே இல்லை. அவள் வரிசையில் நின்றாள். முறை வருவதற்குள், வைத்த பொருள் சரிவதுபோல் சத்தமில்லாமல் சரிந்தாள்.

வரிசையில் விழுபவர்கள் அவசரப் பிரிவுக்குச் சொந்தம். அது அதே கட்டடத்தில் இருந்தாலும் வேறு ராஜ்யம். அங்கே இருந்த பெண் டாக்டர் அவள் ஈறைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அழுத்தத்தைப் பார்த்தார். வேறு யாரையும் கேட்காமல் நரம்பில் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார். மாத்திரையில் இருந்ததேதான் ஊசியிலும் இருந்தது; சுரப்பி சுரந்திருக்க வேண்டியதும் அதேதான். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கட்டில் விரிப்பில் இருந்த சுருக்கத்தைக் கையால் இழுத்துவிட்டாள். போட்டோக்காரருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் தூய்மைப் பிரிவின் ஆள் சக்கர நாற்காலியோடு வந்தார். “உங்க முறை தாண்டிடுச்சு. பரவாயில்ல, தலைமை டாக்டர் கருணை காட்டியிருக்கார். வாங்க, ரத்தம் எடுத்துடலாம்,” என்று தள்ளிக்கொண்டு போனார்.

முடிவு வந்தது. அவள் ரத்தத்தில் ஹார்மோன் தாராளமாக இருந்தது. இருக்காதா? இப்போதுதானே ஊற்றினார்கள்.

தலைமை மருத்துவர் தன் அறையில் அவர்களை நிற்கவைத்துப் பேசினார். நரைத்த புருவம், கனிந்த குரல். தான் பேசுவதைத் தானே கேட்டு ரசிக்கும் பாவனையில் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வார்.

“உங்க மனைவிக்கு ஒரு குறையும் இல்ல. இவ்வளவு நாள் தேவையில்லாத மாத்திரையைச் சாப்பிட்டு ஒரு போலி டாக்டரை வாழவெச்சிருக்காங்க. உங்க கண்ணைத் திறந்தது இந்த மையம். நன்றியெல்லாம் வேண்டாம்.”

“சார், அவசரப் பிரிவுல ஒரு ஊசி போட்டாங்க. அதுக்கப்புறம்தான் ரத்தம் எடுத்தீங்க,” என்றார் போட்டோக்காரர்.

தலைமை மருத்துவர் தூய்மை அலுவலரைப் பார்த்தார். அலுவலர் முன்னால் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: “மருந்துன்னா என்ன? நோயாளி வெளியில வாங்கிச் சாப்பிடுறது. நாங்க உள்ள குடுக்கிறது மருந்து இல்லைங்க, சிகிச்சை. மருந்துதான் சோதனையைக் கெடுக்கும். சிகிச்சை எப்படிங்க கெடுக்கும்? அப்படிக் கெடுக்கும்னா நாங்க எதுக்கு அதைக் குடுக்கிறோம்?”

மிச்சமிருந்த மாத்திரைகளை அலுவலர் கையுறையோடு வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினார். ‘பரிபூரண ஆரோக்கியம்’ என்று முத்திரை குத்திய சான்றிதழ் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரருக்கும் அதன் நகல் போயிற்று. அக்காவுக்கு நகல் போகவில்லை. அவள் நேரில் வந்து வாசித்தாள்.

“பரிபூரணமாம்டா!” என்றாள்.

பரிபூரண ஆரோக்கியம் மறுபடியும் படுக்கையில் விழுந்தது. வாந்தி, வயிற்று வலி, எழுப்பினால் பாதிக் கண் திறப்பது. போட்டோக்காரர் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போனார். அதே பெண் டாக்டர். அதே ஊசி. அதே அதிசயம்.

“டாக்டரம்மா, இதை எழுதிக் குடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்,” என்றார் போட்டோக்காரர்.

“எழுதித்தான் குடுக்கிறேன். ஒவ்வொருத்தருக்கும் எழுதுறேன். அவங்க படிக்கிறதில்ல,” என்றார் பெண் டாக்டர். தூங்கி நாளாகியிருந்த முகம். “நான் ஊசி போடலேன்னா இவங்க செத்துடுவாங்க. போட்டா மேல இருக்கிறவங்க வியாதியே இல்லேங்கிறாங்க. ஒரு வேளை மாத்திரையை மட்டும் தள்ளிவெச்சு, காலையில ரத்தம் எடுத்துட்டு, உடனே மாத்திரையைக் குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இவங்க மாசக்கணக்கா நிறுத்தச் சொல்றாங்க.”

அவள் கட்டிலில் படுத்தபடி, “சிகிச்சைக்கு நடுவுல சண்டை போடாதீங்க, நான் ஆரோக்கியமா இருக்கேன்,” என்றாள். பெண் டாக்டர் சிரித்துவிட்டார். மையத்தில் அன்று யாரோ ஒருவர் சிரித்தது அங்கே மட்டும்தான்.

மறுபடியும் நேரம் பார்க்காத கருணையோடு சக்கர நாற்காலி வந்தது. இந்தத் தடவை முடிவு இன்னும் உயரத்தில் இருந்தது, ஊசி போட்ட கையோடு எடுத்ததால். தலைமை மருத்துவர் ஆடிப்போய்விட்டார். ஆனந்தத்தில்தான். மறுநாளே பெரிய கூட்டம் கூட்டினார். சாய்வு அரங்கு, மாணவர்கள், திரையில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. போட்டோக்காரரையும் மனைவியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

“போன தடவை குறை இல்லேன்னோம். இந்தத் தடவை ஒரு படி மேல போறோம்,” என்று தலைமை மருத்துவர் தலையைச் சாய்த்தார். “இந்தம்மாவுக்குக் குறைவா சுரக்கலை. அளவுக்கு மீறிச் சுரக்குது! எங்க வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய அளவு பதிவானதில்ல. ரெண்டு சுரப்பியையும் எடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். ஒரு அறிஞனுக்கு நோயாளி என்ன தரமுடியும்? ஒரு எண்ணைத் தரமுடியும். இந்தம்மா தாராளமாத் தந்திருக்காங்க.”

கைதட்டினார்கள். ஒரு மாணவன் மட்டும், அதிகமாகச் சுரந்தால் முகம் உப்பி உடம்பு பருக்க வேண்டுமே, இவர் எலும்பும் தோலுமாக இருக்கிறாரே என்று கேட்டான்.

“நோயாளியைப் பார்த்துக் குழம்பாதே. எண்ணைப் பார்,” என்றார் தலைமை மருத்துவர்.

சுரக்காத சுரப்பியை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்பது போட்டோக்காரருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் எழுந்து நின்றார். வாழ்நாளில் யாரையும் சத்தம் போட்டு அறியாதவர் சத்தம் போட்டார்.

“சார்! வாசல்ல என்ன எழுதி வெச்சிருக்கீங்க? மருந்து கலந்த ரத்தம் பொய் சொல்லும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ஊசியும் மருந்துதான் சார்! ஊசி போட்டுட்டு எடுத்த ரத்தம் அது! உங்க வாசல்ல இருக்கிறது நிஜம்னா இந்த எண்ணு பொய்யி!”

தூய்மை அலுவலரின் முகத்தில் ஈயாடவில்லை. தலைமை மருத்துவர் மட்டும் மெல்ல நிமிர்ந்தார். தன் வாக்கியத்தை ஒருவர் மேற்கோள் காட்டுகிறார், அதுவும் அழுதுகொண்டே. அவர் கண்கள் கலங்கின.

“இத்தனை வருஷத்துல என்னைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்,” என்று மேடையிலிருந்து இறங்கிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அவசரப் பிரிவு நம்ம ரத்தத்தை மாசுபடுத்திக்கிட்டிருக்கு. ஒரு சாதாரண போட்டோக்காரர் கண்டுபிடிச்சிருக்கார்! இந்தம்மாவுக்கு ஆபரேஷன் இப்ப வேண்டாம், திரும்பவும் ரத்தம் எடுப்போம். இன்னியிலேர்ந்து, ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால இந்த ஊசியை யாரும் தொடக்கூடாது.”

போட்டோக்காரர் மகிழ்ந்துபோனார். பாவம், அந்த மையம் அவர் சொல்லைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவசரப் பிரிவின் பெண் டாக்டர் கேள்விப்பட்டு மூச்சு வாங்க ஓடிவந்தார். “சார், ரத்தத்தை முன்னால எடுக்கிறது சரிதான். நோயாளி வந்ததும் நாங்களே எடுத்துடறோம், உடனே ஊசி போட்டுடறோம். ரெண்டு நிமிஷ வேலை.”

“அவசரமா எடுக்கிற ரத்தம் ஆராய்ச்சிக்கு உதவாது. எங்க ஆள்தான் எடுக்கணும். காலையில எட்டு மணிக்குத்தான் எடுக்கணும். எடுத்தது தூய்மைன்னு நாங்க சொன்னப்புறம்தான் நீங்க ஊசி போடணும்,” என்றார் தலைமை மருத்துவர்.

“அதுவரைக்கும் தாங்கலேன்னா?”

“நீங்க உயிரைப் பத்திக் கவலைப்படுறீங்க. அது உங்க பிரிவு. நான் உண்மையைப் பத்திக் கவலைப்படுறேன்.”

ஊசி மருந்து இருந்த அலமாரியின் சாவி அன்று மாலையே தூய்மை அலுவலரின் இடுப்புக்குப் போய்விட்டது.

அவள் மூன்றாவது தடவை விழுந்தது ஒரு பிற்பகலில். கடையில், ஒரு சின்னப் பெண்ணின் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது. திரையைப் பிடித்தாள், திரையும் அவளோடு வந்தது. போட்டோக்காரர் அவளை அந்த நீலத் துணியிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்.

பெண் டாக்டர் சாவி கேட்டார். அலுவலர் கடிகாரத்தைக் காட்டினார். மறுநாள் காலை எட்டுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. சாவியைப் பிடுங்கப் போனவரை இரண்டு காவலாளிகள் மரியாதையாகத் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் உப்பு நீர் பாட்டிலையாவது ஏற்றினார்.

“இது என்ன?” என்றார் அலுவலர்.

“உப்புத் தண்ணி.”

“உப்பு மருந்தா?”

“உப்பு, உப்பு!” என்று கத்தினார் பெண் டாக்டர்.

அலுவலர் தானாக முடிவெடுக்கிறவர் இல்லை. தலைமை மருத்துவருக்குத் தொலைபேசி செய்தார். உப்பு மருந்தா உணவா என்று மூத்தவர்கள் நீண்ட நேரம் விவாதித்தார்கள். அதுவரைக்கும் பாட்டிலின் குழாயை அலுவலர் தன் வெள்ளைக் கையுறையால் மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், உப்பு ஒரு சுவை என்று முடிவாயிற்று. குழாயை விட்டார்.

பெண் டாக்டர் ஒரு சீட்டில் ஊசியின் பெயரை எழுதிப் போட்டோக்காரர் கையில் திணித்தார். “வெளிய மருந்துக் கடையில வாங்கிட்டு ஓடிவாங்க. நான் போட்டுடறேன். என் வேலை போனாப் போகுது.”

அவர் ஓடினார். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்த நகலைப் பார்த்தார்.

“இவங்களுக்குத்தான் வியாதி இல்லையே. பரிபூரண ஆரோக்கியம்னு மையமே குடுத்திருக்கே,” என்றார். “நான் தந்தா என் கடையை மூடிடுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

போட்டோக்காரர் கவுண்டரின் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டார். கண்ணாடி விரிசல் விட்டது. அதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை சில்லென்றிருந்தது. ஒரு சமயம் அவள் கண்ணைத் திறந்தாள்.

“என்னங்க... எனக்கு வியாதி இருக்குன்னு... எப்படியாவது எழுதி வாங்கிடுங்க. உங்க அக்காகிட்ட காட்டணும்.”

“வாங்கிடறேன்மா. இதோ எட்டாகப் போகுது.”

“ஏன் அழறீங்க? நேராப் பாருங்க,” என்று சொல்லி, வாயை லேசாகக் கோணிக் காட்டினாள். பாதிதான் கோண முடிந்தது.

எட்டு அடித்தது. தூய்மைப் பிரிவின் ஆள் தட்டோடு வந்தார். ரத்தம் சுலபத்தில் வரவில்லை. இந்தக் கையில் குத்தி, அந்தக் கையில் குத்தி, எடுத்துக்கொண்டு போனார். பெண் டாக்டர் நிரப்பாத ஊசிக் குழலோடு அலமாரிக்கு முன்னால் நின்றார். அலுவலர் சாவியோடு நின்றார். சோதனைக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. “தூய்மை!” என்று அறிவித்துவிட்டு அலுவலர் அலமாரியைத் திறந்தார். குப்பியை உடைத்து, நிரப்பி, பெண் டாக்டர் கட்டிலுக்குத் திரும்பியபோது அவள் போயிருந்தாள்.

அப்படியும் பெண் டாக்டர் ஊசியைக் குத்தினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து, நீலத் திரை இல்லாத கடை பூட்டிக் கிடந்த நாட்களில், மையத்திலிருந்து போட்டோக்காரருக்குத் தொலைபேசி வந்தது. முடிவு வந்துவிட்டதாம். போகவேண்டாம் என்றுதான் நினைத்தார். அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. போனார்.

தலைமை மருத்துவர் எழுந்து நின்று வரவேற்றார். “ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம்! இவ்வளவு தூய்மையான ரத்தத்தை நான் பார்த்ததே இல்ல. ஒரு கலப்படமும் இல்ல. அட்ரினல் குறைபாடு, சந்தேகமே இல்லாம நிரூபணமாயிடுச்சு. அந்தக் கிழட்டு டாக்டர் ஊகிச்சார், நாங்க நிரூபிச்சோம். அதுதான் வித்தியாசம்.”

“அவ போயிட்டா சார்.”

“கேள்விப்பட்டேன். வருத்தம்தான். அவசரப் பிரிவுல இந்த மாதிரி அடிக்கடி நடக்குது, அவங்களை எச்சரிச்சிருக்கேன்,” என்று தலையைச் சாய்த்தார். “ஆனா எங்க பக்கத்துலேர்ந்து பார்த்தீங்கன்னா, இது முழு வெற்றி.”

போட்டோக்காரர் அந்தக் காகிதத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ‘நோய் உள்ளது’ என்று எழுதியிருந்தது. அவள் பெயருக்கு நேரே, தெளிவாக. அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவரை மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அங்கே சின்ன வெள்ளை மாத்திரைகள், பெட்டி பெட்டியாக, ஒரு பையில் போட்டுத் தயாராக இருந்தன.

“காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு. வாழ்நாள் முழுக்க,” என்றாள் ஜன்னலில் இருந்தவள். “ஒரு வேளைகூட நிறுத்திடக்கூடாது. நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. சொல்லிட்டேன்.”

அவர் தலையாட்டினார். பையை வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

கடைசி ஜன்னலில் வாழ்நாள் நோயாளி அட்டை. அது இல்லாமல் எதையும் வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், முடிவுக் காகிதத்தையும் சேர்த்து. அங்கிருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினார்.

“நோயாளி போட்டோ ஒண்ணு.”

போட்டோக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வைத்திருந்தது அது ஒன்றுதான். மற்றவர்களைச் சிரிக்கவைத்தவளை ஒருநாள் அவர் நாற்காலியில் உட்காரவைத்து, “சிரிக்காதே” என்று சொல்லி எடுத்த படம்.

குமாஸ்தா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

“சிரிக்கிறாங்களே. இது செல்லாது.”

“இதுதான் சார் இருக்கு.”

“நீங்க போட்டோ எடுக்கிறவராமே, உங்களுக்குத் தெரியாதா? சிரிக்காம ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

“இனிமே அவ சிரிக்க மாட்டா சார்,” என்றார் போட்டோக்காரர்.

“அப்ப நல்லதாப் போச்சு. எடுத்துட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு, குமாஸ்தா அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.